லண்டன் தெருவில் மாப்பிள்ளை விசாரித்தோம்

"…அதெல்லாம் சரிதான் தாயி, ஆனா ஒரு ஆளப் பத்தி அவன் தெருவுல கேக்காம வேற எங்க போயிக் கேக்கச் சொல்லுற?" என்றாள் அக்கா. பிளேனில் ஆரம்பித்த பேச்சு. இறங்கி, தூங்கி எழுந்து, தோசைக்கு உட்கார்ந்த பிறகும் முடியவில்லை.

செல்வி தோசைக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இது பரளச்சி இல்லம்மா. இங்க தெருவுல போயி அவுக எப்படி இவுக எப்படின்னு கேட்டுக்கிட்டு நின்னா போலீசுக்குப் போன் பண்ணிருவாக."

"கேட்டதுக்கா போலீசு?"

"கேட்டதுக்குத்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தோசையைப் பார்த்தேன்.

அக்காவின் பெயர் அந்தோணியம்மாள். பரளச்சியில் மானாவாரிக் காட்டில் மல்லியும் மிளகாயும் போட்டு, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று ஒரே மகளை நர்ஸ் படிக்க வைத்தவள். அந்த மகள்தான் செல்வி. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அந்த ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு வரும் மார்க்கோ என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். பையனுடைய பூட்டன் காலத்தில் இத்தாலியிலிருந்து வந்து லண்டனில் தங்கிப்போன குடும்பம். "அம்மா வந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். இல்லைன்னா நான் இப்பிடியே இருந்துக்கிருவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த விஷயத்தில் அவள் அப்படியே அம்மா.

அக்காவுக்குத் துணையாக, தாய்மாமன் என்ற முறையில் நானும் பிளேன் ஏறினேன். அருப்புக்கோட்டையில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். என் இங்கிலீஷ் முழுவதும் ஆம்ப்ளிபயர் வருகிற அட்டைப் பெட்டிகளின் மேல் படித்துக் கற்றுக்கொண்டது. அதனால் நான் பேசினால் கொஞ்சம் எச்சரிக்கைப் பலகை மாதிரி இருக்கும் என்று செல்வி சொல்வாள்.

நாங்கள் வேதக்காரர்கள். பையன் வீட்டாரும் கத்தோலிக்கர்கள் என்பதால் பாதிப் பஞ்சாயத்து ஊரிலேயே முடிந்துவிட்டது. பையனுடைய அப்பா பெயர் பவுலோ என்றதும், "சின்னப்பர்னு சொல்லு" என்றாள் அக்கா. பவுலுக்குப் பழைய ஜெபப் புத்தகத்தில் அதுதானே பெயர். மார்க்கோவை மாற்கு என்று வைத்துக்கொண்டாள். பெயர்கள் சரியாகிவிட்டன. ஆள்கள் எப்படி என்பதுதான் பாக்கி.

ஏர்ப்போர்ட்டிலிருந்து மார்க்கோதான் எங்களைக் காரில் அழைத்துவந்தான். அக்கா முன்சீட்டில் அவன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஏந் தம்பி, ஒடம்பொறந்தவுக எத்தன பேரு? சிகரெட்டு உண்டா? ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவியா?" என்று கேட்டபடியே வந்தாள். நான் பின்சீட்டிலிருந்து மொழிபெயர்த்தேன். அவன் ஒவ்வொன்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான்.

"ரொம்பச் சிரிக்கிறான்லே. எதையோ மறைக்கிறான்" என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் என்றால் வீடு பார்ப்பதற்கு முன்னால் தெருவில் விசாரிப்பது கட்டாயம். யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், அந்த ஊர் டீக்கடையில் ஒரு டீ, சலூனில் ஒரு சவரம், கோயில் வாசலில் கொஞ்ச நேரம். பேச்சோடு பேச்சாக, "இங்க இன்னாருன்னு ஒருத்தர் இருக்காராமே?" என்று போட்டால் போதும். மல்லாங்கிணற்றில் ஒரு பையனை விசாரிக்கப் போனபோது டீக்கடைக்காரர் பையன் குணம், அவன் அப்பன் குணம், அவர்கள் வீட்டு மாட்டின் குணம் வரைக்கும் சொன்னார். பாலவனத்தத்தில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் விசாரித்தோம். அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா என்பது பிறகுதான் தெரிந்தது. அவரும் காட்டிக்கொள்ளாமல் தன் மகனைப் பற்றி நிறையும் குறையும் சேர்த்தே சொன்னார். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பவுலோ வீட்டில் சாப்பாட்டுக்கு அழைப்பு. அதற்கு முன்னால் விசாரித்துவிட வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. கூடாது என்பது செல்வியின் கட்சி. வாக்குவாதம் முடிவதற்குள் அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அவள் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும் அக்கா செருப்பைத் தேடினாள்.

செல்வி இருப்பது லண்டனில் தமிழர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாம். அங்கே முருங்கைக்காய், கருவாடு, இட்லி மாவு, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கிறது. ஜவுளிக்கடை வாசலில் நின்று "வாங்கக்கா" என்று கூப்பிடுகிறார்கள். "இதுக்கு நான் அருப்புக்கோட்ட பஜாருக்கே போயிருப்பேனே, எதுக்கு இம்புட்டுத் தூரம்" என்று அக்கா ஒரு கடைக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை.

மாடி பஸ் வருவதைப் பார்த்ததும், பரளச்சிக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் நிற்பது மாதிரி, நடுவழியில் கையை நீட்டி மறித்தாள். டிரைவர் சிரித்துக்கொண்டே அவளுக்குப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார். "என்னலே, டாட்டா காட்டிட்டுப் போறான்?" என்று அக்கா அசந்து நின்றாள். ஸ்டாப்பில் மட்டும்தான் ஏற முடியும் என்று ஒரு பள்ளிக்கூடப் பெண் விளக்கினாள். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். ஏறியது எதிர்த் திசை. அது கடைசி ஸ்டாப்பில் எங்களை இறக்கிவிட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. திரும்பி வரும்போது அக்கா மாடியில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். "தேர்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். திசை மாறிய கோபம் அங்கேயே போய்விட்டது.

பவுலோ காபிக்கடை வைத்திருக்கும் பேட்டைக்குக் கிளார்க்கன்வெல் என்று பெயர். லண்டன் என்று நாம் படத்தில் பார்ப்போமே, பெரிய மணிக்கூண்டு, அரண்மனை, அதெல்லாம் இங்கே இல்லை. கண்ணாடி ஆபீஸுகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலச் சந்து. சந்து முடிந்தால் பழைய செங்கல் வீடுகள். அந்தப் பக்கம் ஒரு தெரு முழுக்கத் தங்கமும் வைரமும். ஜன்னலுக்கு ஜன்னல் மோதிரம். அந்தத் தெருவில் மட்டும் அக்கா நடை மெதுவானது. "அம்புட்டும் கல்லு வெச்சது. ஒரு சங்கிலி கனமா இருக்கா பாரு" என்று குறை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்தாள்.

அங்கிருந்து இறங்கினால் தெரு பள்ளமாகப் போகிறது. அக்கா நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "இது ஓடைலே. அந்தப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் மேடு. மழ பேஞ்சா தண்ணி பூராம் இங்கதான் எறங்கும்."

"லண்டன்ல ஏதுக்கா ஓடை" என்றேன் நான்.

ரோட்டின் நடுவே ஒரு இரும்புக் கம்பி மூடி இருந்தது. அதன் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு அம்மா, ஒரு குட்டை நாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் பள்ளத்தைக் காட்டிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, "காதை வைத்துக் கேளுங்கள்" என்று கையால் மூடியைக் காட்டினார். அக்கா யோசிக்கவே இல்லை. நடுரோட்டில் சேலையை ஒதுக்கிக்கொண்டு குத்தவைத்துக் காதைச் சாய்த்தாள். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டே சுற்றிப் போனான்.

"ஏலே சவரி! தண்ணி ஓடுதுலே! உள்ள ஆறு ஓடுது!"

நானும் கேட்டேன். ஓடத்தான் செய்தது. சலசலவென்று, மழைக்காலத்து மதகு மாதிரி.

நாய்க்கார அம்மா விளக்கிச் சொன்னார். ஃப்ளீட் என்று ஆற்றுக்குப் பெயர். ஒரு காலத்தில் படகு வந்து போன ஆறாம். கரையெல்லாம் தோல் பதனிடுகிறவர்களும் கறிக்கடைக்காரர்களும் கழிவைக் கொட்டிக் கொட்டி, நாற்றம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மூடி மேலே ரோடு போட்டுவிட்டார்கள். ஆறு கோபித்துக்கொள்ளாமல் கீழேயே ஓடித் தேம்ஸில் சேருகிறது. இதே மாதிரி ஊருக்கடியில் இன்னும் பல ஆறுகள் இருக்கின்றனவாம்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "நம்ம திருச்சுழிக் குண்டாறு தண்ணியில்லாமத் தெறந்து கெடக்கு. இவுக தண்ணியோட மூடி வெச்சிருக்காக. ரெண்டு பேரையும் என்னலே செய்யுறது?"

அந்த அம்மாவுக்கு நாங்கள் கதை கேட்கிற ஆள்கள் என்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய் ஒரு ஆபீஸ் ஜன்னலைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால், கீழே ஒரு கிணறு! பேட்டைக்கே பெயர் கொடுத்த கிணறு அதுதானாம். அந்தக் காலத்தில் கிளார்க் என்று இவர்கள் சொல்கிற லண்டன் கோயில்பிள்ளைமார், கோயில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் இந்தக் கிணற்றடியில் கூடி வேத நாடகம் போடுவார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நான் மைக்செட் கட்டாத பாஸ்கு நாடகம் உண்டா? ஏரோதுக்கு ஒரு மைக், பிலாத்துக்கு ஒரு மைக், கடைசிநேரத்தில் யூதாஸுக்கு மைக் வேலை செய்யாது. மைக்கே இல்லாத காலத்தில் இவர்கள் எப்படிக் கத்தியிருப்பார்கள் என்று அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கெணத்தை ஆபீசுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாக" என்றாள் அக்கா.

பிறகு அந்த அம்மா இத்தாலிக்காரர்கள் கதைக்கு வந்தார். இந்த மேட்டுச் சந்துகள் முழுக்க ஒரு காலத்தில் அவர்கள்தானாம். ஒரே அறையில் ஒன்பது பத்துப் பேர். தெருத் தெருவாகக் கைப்பிடியைச் சுற்றினால் பாடும் பெட்டி வாத்தியம் வாசிக்கிறவர்கள், களிமண்ணில் மாதா சுரூபம் விற்கிறவர்கள், ஐஸ் வண்டிக்காரர்கள். லண்டன்காரர்களுக்குத் தெருவில் ஐஸ் தின்னப் பழக்கிவிட்டதே இவர்கள்தான் என்றார். வாடகை ஏறியது, ஆபீஸ் வந்தது, ஒவ்வொரு குடும்பமாகப் போய்விட்டது. மிச்சம் கொஞ்சப் பேர்தான்.

இதுதான் சமயம் என்று அக்கா என் முழங்கையை இடித்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பவுலோ. காபிக்கடை. முழு விவரம் தேவை" என்றேன்.

முந்நூறு வருஷத்துக் கதையை மூச்சுவிடாமல் சொன்ன அம்மா, நாயின் கயிற்றை இழுத்துப் பிடித்தார். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றார். நாய் மட்டும் எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா பார்க்கவில்லை.

"பாவம், ஞாபகமறதி" என்றாள் அக்கா.

சலூனுக்குப் போனோம். பவுலோவின் காபிக்கடைக்கு நேர் எதிர்க்கடை. சலூன்காரர் சைப்ரஸ் தீவுக்காரர், தடித்த மீசை, வாய் ஓயாதவர். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா பெஞ்சில். எனக்குத் துணியைப் போர்த்திவிட்டு, கிரிக்கெட்டு, மழை, அவர் மாமனாருக்கு முழங்கால் வலி, எல்லாம் பேசினார். கன்னத்தில் கத்தி இருந்ததால் நான் உம் கொட்டினேன். ஒரு பக்கம் முடிந்ததும் கேட்டேன்: "எதிர்க்கடை பவுலோ. குடி உண்டா? கடன் உண்டா? வேறு வீடு உண்டா?"

கத்தி நின்றது.

"எந்தப் பவுலோ?"

கண்ணாடியில் எதிர்க்கடைப் பலகையில் பவுலோ என்று பெரிய எழுத்தில் இடவலம் மாறித் தெரிந்தது. நான் கண்ணாடியைக் காட்டினேன். அவர் திரும்பி, அந்தப் பலகையை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். "ஓ, அங்கே ஒரு கடை இருக்கிறதா? எனக்குப் பழக்கமில்லை" என்றார். மறுகன்னத்தை ஒரு வார்த்தை பேசாமல் சிரைத்துவிட்டார். இவ்வளவு பேசாத சலூனை நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்ததும் அக்கா வெடித்தாள். "எதிர்க்கடக்காரன் மொகமே தெரியாதாம்ல! என்னத்த மனுசன் இவன், என்னத்த தெரு இது?"

சலவைக் கடையில் கேட்டேன். அங்கிருந்த பெண் நான் கேட்டு முடிப்பதற்குள் இயந்திரத்தை ஓடவிட்டு, சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சைகை காட்டினாள். பழக்கடையில் ஒருவன், "நான் இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்" என்றான். கடை வாசல் தள்ளுவண்டியில் அவன் படமே ஒட்டியிருந்தது. தாடி இல்லாத காலத்துப் படம்.

இதற்கிடையில் அக்கா காபிக்கடைக்கு எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று, கட்டடத்தை மேலும் கீழும் பார்த்து, மாடி ஜன்னல்களை விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். கூரையில் ஓட்டை உடைசல் உண்டா என்று எட்டிப் பார்த்தாள். வீடு பார்ப்பதென்றால் பார்க்க வேண்டியதைப் பார்க்கத்தானே வேண்டும்.

அன்று சாயங்காலம் செல்வி வேலை முடிந்து வந்தாள். அக்கா எதையும் மறைக்கவில்லை. போனது, கேட்டது எல்லாம் சொன்னாள். பிறகு, "இங்க பாரு தாயி. கெட்டவன்னு நாலு பேரு சொல்லியிருந்தாக்கூட, சரி, பொறாமைன்னு விட்டிருப்பேன். ஒருத்தருக்கும் தெரியாத ஆளுன்னா என்ன அர்த்தம்? ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வந்து நிப்பா? மொழி தெரியாத ஊருல, அக்கம்பக்கம் இல்லாத வீட்டுல ஒன்ன விட்டுட்டு நான் பரளச்சியில எப்பிடித் தூங்குவேன்? எனக்கு மனசு ஒப்பலை" என்றாள்.

செல்வி சண்டை போடவில்லை. "சரிம்மா" என்றாள். அந்தச் சரியைக் கேட்டதற்கு அவள் சண்டையே போட்டிருக்கலாம். அன்று அவள் செய்த சாம்பாரில் உப்பு இல்லை. மூன்று பேரும் அதைச் சொல்லாமலேயே சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது, போகாமல் இருந்தால் மரியாதை இல்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றாள் அக்கா. "ஏலே சவரி, வாய அடக்கு. காப்பி மட்டும் குடிச்சுக்க. கை நனைச்சிராத." சம்பந்தம் ஒத்துவராத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை.

முதலில் இத்தாலிக்காரர்கள் கோயிலில் பூசை. பேதுருவை நாங்கள் ராயப்பர் என்போம்; அந்த ராயப்பர் கோயில். வெளியே பார்த்தால் இரண்டு கடைகளுக்கு நடுவே வாசல் மட்டும்தான், உள்ளே போனால் அரண்மனை. வாசல் மண்டபத்துச் சுவரில் கல்லில் நிறையப் பெயர்கள் வெட்டியிருந்தன. ஒரு கப்பல் படம். யுத்தத்தில் செத்த பட்டாளத்துக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

பூசை முடிந்து செல்வியோடு போனோம்; காபிக்கடைக்கு மேலேயே பவுலோவின் வீடு. கதவைத் திறந்தவர் என்னைவிடக் குள்ளம், என்னைவிடத் தொப்பை. மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, சமையல் அவரேதான். மார்க்கோ டியூட்டியிலிருந்து வந்துகொண்டிருக்கிறான் என்றார். மேஜையில் ஒரு பெரிய தட்டு. சப்பாத்தியை அடுக்கி, நடுவே கறியும் தக்காளியும் பாலாடையும் வைத்து அடுப்பில் வாட்டிய மாதிரி ஒரு பலகாரம், ஓரமெல்லாம் பொரிந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டு காபி மட்டும் குடிப்பது என்பது எனக்குக் கொடுத்த பெரிய தண்டனை. பவுலோ மூன்று முறை தட்டை என் பக்கம் தள்ளினார். நான் மூன்று முறை அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் மெல்ல வாடியது.

அக்கா எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அப்போது பின்பக்கப் படி வழியாக, சொந்த வீட்டுக்கு வருகிற மாதிரி, கையில் ரொட்டியோடு ஒருவர் உள்ளே வந்தார். சலூன்காரர்.

என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ரொட்டி கையிலேயே நின்றது.

"பவுலோ! இவங்கதான்! நான் சொன்னேனே, அந்த ரெண்டு பேரும் இவங்கதான்!"

பவுலோ கரண்டியை வைத்துவிட்டார். செல்வி என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க எப்பிடிக் கேட்டீக?" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். எங்கள் ஊர் வழக்கத்தை, டீக்கடை, சலூன், கோயில் வாசல் என்று விளக்கினேன். விட்டுப்போனதைச் செல்வி சேர்த்தாள். பவுலோ கேட்டுக்கொண்டே இருந்தார். "என்னைப் பற்றி என்னிடமே கேட்டிருக்கலாமே?" என்றார் கடைசியில்.

அக்கா செல்வியைச் சொல்லச் சொன்னாள்: "ஒங்ககிட்டக் கேட்டா நல்லதத்தான சொல்லுவீக."

பவுலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சலூன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெருவில் நடந்த கூத்தைச் சொன்னார். இந்த வரிசையைக் காலி செய்யச் சொல்லி ஏதோ ஒரு கம்பெனியின் ஆள்கள் கொஞ்ச நாளாக அலைகிறார்களாம். ஒருவன் கடன் உண்டா, வேறு வீடு உண்டா என்று கேட்கிறான், ஒரு பெண்மணி எதிரே நின்று ஜன்னலை எண்ணுகிறார். வேறு என்ன நினைப்பது? நாய்க்கார அம்மாதான் முதலில் வந்து தகவல் சொன்னாராம். நாங்கள் சலூனுக்குள் நுழைவதற்கு முன்பே அது சலூனுக்கு வந்துவிட்டதாம்.

"அதுக்காக, ஆளையே தெரியாதுன்னா சொல்லுவாக?" என்றாள் அக்கா. "தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டோம்னு சொல்லலாமுல்ல?"

அதைச் செல்வி மொழிபெயர்த்ததும் பவுலோ எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு பேசினார். செல்வி சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம்.

"என் தாத்தா இந்தத் தெருவில் ஐஸ் விற்றவர். யுத்தம் வந்தது. இத்தாலி எதிரி நாடு ஆகிவிட்டது. ஒரு நாள் தொப்பி போட்ட இரண்டு பேர் வந்து தெருவில் விசாரித்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு என் தாத்தாவை ரொம்பப் பிடிக்கும். அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். தங்கமான மனிதர், குழந்தைகளுக்குச் சும்மா ஐஸ் கொடுப்பார், அதோ அந்த மூன்றாவது கதவு என்று கையைக் காட்டினார்கள். அந்தக் கதவைத் தட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கப்பலில் ஏற்றி எங்கேயோ அனுப்பினார்கள். கப்பல் வழியிலேயே முங்கிவிட்டது. கோயில் வாசலில் அவர் பெயர் இருக்கிறது."

நான் பார்த்துவிட்டு நகர்ந்த சுவர்.

"கை காட்டிய பெண்களில் ஒருத்தி சாகிற வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் ஒரு பழக்கம். வெளியாள் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது. நல்லதும் சொல்லக் கூடாது."

சலூன்காரர் தலையாட்டினார். "நான் கடை வாங்கின அன்றைக்கே, சாவியோடு சேர்த்து இதையும் சொல்லித்தான் கொடுத்தார்கள். போலீஸே வந்து கேட்டாலும் எனக்குப் பவுலோவைத் தெரியாது, மேடம்."

அக்கா அவரையே பார்த்தாள். "செல்வி, நான் கேக்குறத அப்பிடியே கேளு. இவுக, அந்த நாய்க்காரம்மா, துணி தொவைக்கிற பிள்ள, பழக்கடக்காரன், அம்புட்டுப் பேரும் இவருக்காகவா பொய் சொன்னாக?"

"ஆமாம்" என்றார் சலூன்காரர்.

"பழக்கடக்காரன் இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்தேன்னான்."

"அவன் இருபது வருஷமாக இங்கேதான் இருக்கிறான்."

அக்கா சிரித்தாள். லண்டன் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், மேஜைத் துணியைத் தடவிக்கொண்டு பேசினாள். "ஒன் அப்பா செத்தப்ப நெலத்தப் பிடுங்க வழி பாத்துப் பங்காளிக ஆளனுப்புனாக. எத்தன ஏக்கரு, எத்தன மூட வருதுன்னு நம்ம தெருவுல அம்புட்டுப் பேரும் வரிசையா நின்னு சொன்னாக. ஒருத்தராச்சும் தெரியாதுன்னு சொல்லலையே தாயி."

செல்வி அதை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

கீழே கதவு திறந்து மூடியது. படியில் திமுதிமுவென்று காலடி. டியூட்டி முடிந்து அப்படியே வந்த மார்க்கோ, பச்சை யூனிபார்மில், வேர்த்த முகத்தோடு, சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

அக்கா விசுக்கென்று நாற்காலியை விட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், விறுவிறுவென்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மார்க்கோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்று அவன் செல்வியைக் கேட்டான். பவுலோ என்னைக் கேட்டார். செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள். நான்தான் இங்கிலீஷ் தேடிப் பிடித்துச் சொன்னேன்: எங்கள் பக்கத்தில் மருமகன் எதிரே மாமியார் உட்காருவதில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவ்வளவு தணிந்த குரல் அவளுக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"ஏலே சவரி, அவுகள உக்காரச் சொல்லு. பசியோட வந்திருப்பாக."

பிறகு கதவிடுக்கு வழியாக ஒரு கை மட்டும் நீண்டு, ஒரு வெறுந்தட்டை மேஜையில் மார்க்கோவுக்கு முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனது.